ஆட மறந்த டி.என்.ஏ.

மூன்று வாரமாக டீனாவின் டி.என்.ஏ. ஆடவில்லை.

அவள் உடம்பில் இருப்பது அல்ல; அது பாட்டுக்கு ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கும். பெங்களூரில் அவள் வேலை செய்யும் ஆராய்ச்சிக்கூடத்தில், ஒரு கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய ஏடாகப் படிந்திருந்த மீன் டி.என்.ஏ.தான் முரண்டு பிடித்தது. வருகிற வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு கூடுகிறது. அதற்குள் அந்த ஆட்டம் திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால், இதுவரை அவள் கண்டதெல்லாம் கருவியின் கோளாறு என்று முடிவுகட்டி, அவளுடைய தலைப்பை மூடிவிட்டு, லேசர் கருவியை அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்கள். வழிகாட்டி சிவகுமார் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். டீனாவுக்கு அதுதான் அதிக பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, தன் ஊரான கே.ஜி.எஃப். தங்க வயலின் மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கோரமண்டல் ஸ்டேஷனில் இந்து ஏறினாள். பெங்களூர் கே.ஆர்.புரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண். டீனாவைவிட நாலைந்து வயது இளையவள், வாய் மட்டும் பத்து வயது மூத்தது.

மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலு பேர் உட்காருவது அந்த ரயிலில் எழுதாத சட்டம். மற்றவர்கள் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் கெஞ்சுவார்கள். இந்து கெஞ்ச மாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள். வளைவு வந்ததும் பெட்டி ஒரு பக்கம் சாயும். பலகையில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்தாற்போல் சாய்வார்கள். ஒரு கண நேரம் நடுவில் ஒரு சந்து பிறக்கும். அந்தச் சந்தில் இந்து உட்கார்ந்துவிடுவாள். பெட்டி நிமிரும்போது எல்லோரும் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள். யாரும் எழுந்திருக்கவும் முடியாது, அவளை எழுப்பவும் முடியாது.

அன்றும் அப்படியே வந்து சொருகிக்கொண்டு, டீனாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, உன் மீனு இன்னிக்காவது டான்ஸ் ஆடுமா?"

டீனா தெரியாது என்று தலையை அசைத்தாள். இந்துவுக்கு இந்த ஆட்டத்தின் கதை தெரியும். டீனாதான் ஒருநாள் இதே பலகையை வைத்து அதைச் சொல்லியிருந்தாள்.

பள்ளிப் புத்தகத்தில் டி.என்.ஏ. முறுக்கிய ஏணி மாதிரி அசையாமல் நிற்கும். நிஜத்தில் அது ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. அதன் அணுக்கள் தனித்தனியாகத் துடிப்பது ஒரு பக்கம். ஆனால் ஏராளமான அணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஏணியின் ஒரு பெரிய பகுதியே வளைந்து, முறுக்கி, மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும் ஆட்டம் ஒன்று உண்டு. விநாடிக்கு லட்சம் கோடி முறை என்ற கணக்கில் அது நடக்கிறது. அத்தனை வேகம்; ஆனாலும் அணுக்களின் உலகத்தில் அதற்கு மெதுவான, கனமான ஆட்டம் என்று பெயர். ரயிலின் சாய்வு மாதிரி. இப்படிப்பட்ட அசைவுகள் எங்கெங்கோ சேர்ந்து வரும்போது ஏணியின் இரண்டு படிகளுக்கு நடுவே ஒரு சந்து திறக்கிறது. சில மருந்துகள் அந்த நேரம் பார்த்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்கின்றன. அப்புறம் அந்த டி.என்.ஏ.வை வைத்திருக்கும் செல்லால் தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

"அப்போ நான்தான் அந்த மருந்து" என்று அன்றைக்கு இந்து சொன்னாள். அதிலிருந்து அந்தப் பலகையில் அவளுக்கு மருந்து என்றே பெயர்.

டீனாவுக்கு இந்தச் சந்தின்மேல் ஆசை வந்ததற்குக் காரணம் படிப்பு அல்ல, அம்மா. டீனா கல்லூரியில் இருந்தபோது அம்மா பியாட்ரிஸுக்குப் புற்றுநோய் கண்டது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் கையில் ஏறிய மருந்து ரோஸ்மில்க் மாதிரி சிவப்பாக இருந்தது. டீனா பக்கத்தில் உட்கார்ந்து அது சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சிவப்பு எங்கே போகிறது, போய் என்ன செய்கிறது என்று நர்ஸைக் கேட்டாள். நர்ஸ் வேலையாக இருந்தாள். யார் யாரையோ கேட்டு, படித்து, கடைசியில் அந்தச் சிவப்பு மருந்து நுழையும் கதவையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு முடி திரும்ப முளைத்தது, குரல் பழையபடி மூன்று வீடு தாண்டிக் கேட்டது. டீனாவின் ஆச்சரியம் மட்டும் குறையவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல், யாரும் சொல்லிக் கொடுக்காமல், கோடிக்கணக்கான வருடங்களாக இப்படி ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டத்தில் பிறக்கும் ஒரு சந்தில்தான் தன் அம்மா பிழைத்தாள். சில நாள் கருவியின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது டீனாவுக்குக் கைகூப்பத் தோன்றும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது பியாட்ரிஸ் ஒரே கேள்வி கேட்டாள். என்ன மீன்?

சால்மன் என்றாள் டீனா.

"அத்த வெச்சிக்கினு கொழம்பாவது வெக்கலாம். ஆடுதா, ஆடலயான்னு பாத்துக்கினு கீறியே."

ஆராய்ச்சிக்கூடத்தில் அன்றும் ஆட்டம் இல்லை. டி.என்.ஏ. ஏட்டின்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் கொஞ்சம் மட்டும் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்து ஆட்டத்தின் வேகத்தைச் சொல்லிவிடலாம். திரையில் அது தட்டையான உச்சியோடு ஒரு சின்ன மேடாகத் தெரியும். தங்கம் எடுத்த மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டான, ஊர் முழுக்க நிற்கும் சயனைட் மேடுகள் மாதிரியே இருந்ததால் டீனா அதற்குச் சயனைட் மேடு என்று பெயர் வைத்திருந்தாள். இப்போது கூடத்தில் எல்லோருமே அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த மேடு முதலில் இடத்தை விட்டு வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. அடுத்த தடவை இன்னும் நகர்ந்தது. போகப் போக உயரமும் குறைந்து, இப்போது இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. லேசரைச் சரிபார்த்தாயிற்று. ஒளி வடிகட்டியை மாற்றியாயிற்று. புதிதாக டி.என்.ஏ. வாங்கி, புதிதாக ஏடு படிய வைத்தும் பார்த்தாயிற்று. எல்லாம் சரியாக இருந்தன, மேட்டைத் தவிர.

அடுத்து லேசருக்காகக் காத்திருந்தவன் ராகேஷ். கெட்டவன் இல்லை; அவனுக்கும் அவன் வேலை ஓட வேண்டும். டீனாவின் மேசைக்குக் கீழே வரிசையாக நின்ற புட்டிகளைக் காலால் லேசாகத் தள்ளிவிட்டு, "கே.ஜி.எஃப். ரிசர்வாயர் நிரம்பிட்ட மாதிரி இருக்கே" என்றான்.

அது பழைய கேலி. டீனாவுக்குத் தண்ணீரைக் கொட்ட மனசு வராது. தங்க வயலில் பிறந்து வளர்ந்த யாருக்குமே வராது. குழாயில் என்றைக்கு வரும் என்று தெரியாத ஊர். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரத்தை ஊறவைத்து, பாத்திரம் கழுவிய தண்ணீரை வாசலுக்குத் தெளித்து வளர்ந்தவள். பல்கலைக்கழக விடுதியில் முதல் நாள் ஒருத்தி குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்ப்பதைப் பார்த்து, கேட்காமலே போய் மூடிவிட்டு வந்தாள். ஆராய்ச்சிக்கூடத்தில் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரை எல்லோரும் சர்வசாதாரணமாகத் தொட்டியில் கவிழ்ப்பார்கள். டீனா மட்டும் புட்டியில் ஊற்றி, தேதி ஒட்டி, மேசைக்குக் கீழே வைத்துவிடுவாள். என்றைக்காவது எதற்காவது ஆகும்.

அன்று மாலை சிவகுமார் கருவியருகே வந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெள்ளிக்கிழமை இருப்பதை இருக்கிறபடி காட்டிவிடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் ஆண்டர்சன்பேட்டையில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. தெருவே எழுந்து ஓடியது. டீனா ரயிலுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஃப்ரெடி நைட் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். தூக்கக் கலக்கத்தில், மாமியாருக்கு உதவி செய்கிற நல்லெண்ணத்தில், குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் நீல டிரம்மை நிரப்பினான்.

பின்கட்டிலிருந்து பியாட்ரிஸின் குரல் வந்தது.

"இன்னா மாப்ளே பண்ணி வெச்சிருக்கீங்க? அதுல போர் தண்ணி அரை டிரம் இருந்திச்சே. அது மேலயா நல்ல தண்ணிய ஊத்துனீங்க?"

அரை டிரம் தண்ணீர் இருந்ததே, அதை ஏன் வீணாக்க வேண்டும் என்றுதான் கொட்டவில்லை என்றான் ஃப்ரெடி.

"அத்த பாத்ரூம் பக்கெட்ல ஊத்திட்டு அப்புறம் இல்ல புடிக்கணும்? உப்பும் போவல, நல்ல தண்ணியும் போச்சு. இப்ப முழு டிரம்மும் உப்பு. பருப்பு வேவுமா இதுல? நீங்களே ஒரு வாய் குடிச்சிப் பாருங்க."

ஃப்ரெடி நிஜமாகவே ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். கண்ணாடி முன்னால் நின்ற டீனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. சீப்பு தலையிலேயே நின்றது.

டி.என்.ஏ. ஏட்டை அவள் ஒரு சின்ன மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். பெட்டிக்குள் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதை ஒரு கிண்ணம் உப்புக் குழம்பு தீர்மானிக்கும். தண்ணீரில் கரையும் மட்டும் கரைத்து, மேலும் கொஞ்சம் உப்பைப் போட்டுக் குழம்பாக வைத்தால், காற்றில் எவ்வளவு ஈரம் நிற்க வேண்டும் என்பதை அந்த உப்பே பார்த்துக்கொள்ளும். ஒரு வகை உப்பு வைத்தால் காய்ந்த காற்று. வேறொரு வகை வைத்தால் ஈரக் காற்று. எந்த உப்புக்கு எவ்வளவு ஈரம் என்று அட்டவணையே இருக்கிறது. ஈரம் அளக்கும் மீட்டர் பழுதுபார்க்கப் போயிருந்ததால் டீனா அட்டவணையை நம்பியிருந்தாள்.

காய்ந்த காற்றில் ஒரு தடவை, ஈரக் காற்றில் ஒரு தடவை என்று அவள் மாற்றி மாற்றி அளந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை உப்பை மாற்றும்போதும், பழைய கிண்ணத்தில் மேலே தெளிந்து நின்ற தண்ணீரைக் கொட்டாமல், அதிலேயே புது உப்பைப் போட்டுக் கரைத்திருந்தாள். தண்ணீர் தண்ணீர்தானே என்று நினைத்தாள். இல்லை, நினைக்கக்கூட இல்லை. கை தானாகச் செய்தது. இரண்டு உப்பு கலந்தால் அந்தக் குழம்பு, தனித்தனியாக இருப்பதைவிடக் காற்றை அதிகமாகக் காயவைத்துவிடும். ஈரக் காற்று என்று அவள் எழுதிவைத்தது எதுவும் ஈரக் காற்றாக இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் காய்ந்திருக்கிறது.

டி.என்.ஏ.வுக்குத் தண்ணீர்தான் உயிர். ஏணியின் பள்ளங்களில் தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு, அது ஆடும்போது கூடவே ஆடும். தண்ணீர் குறைந்தால் ஏணி விறைத்துக்கொள்ளும், அதன் வடிவமே மாறிப்போகும். மேடு வலப்பக்கம் நகர்ந்தது என்றால் ஆட்டம் விறைத்துப்போய் வேகம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். மூன்று வாரமாக அந்த மேடு கத்திச் சொல்லியிருக்கிறது, எனக்குத் தாகமாக இருக்கிறது என்று. அவள்தான் லேசரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பாதிப் பின்னலோடு டீனா ஸ்டேஷனுக்கு ஓடினாள். ரயிலில் இந்து மீதிப் பின்னலைப் போட்டுவிட்டாள்.

கூடத்துக்குப் போனதும் முதல் வேலையாகப் புதுக் கிண்ணம், புதுத் தண்ணீர், கலப்பில்லாத உப்பு. கிண்ணத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ஏடு ஈரத்தைக் குடித்து முடிக்க மறுநாள் வரை பொறுக்க வேண்டும். பக்கத்துக் கூடத்தில் கெஞ்சி ஈர மீட்டரை இரவல் வாங்கினாள். அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அப்போதுதான் மேசைக்குக் கீழே இருந்த புட்டிகள் கண்ணில் பட்டன.

கிண்ணத்துக்கு மேல் மிஞ்சியதை ஒவ்வொரு தடவையும் ஊற்றிவைத்திருந்ததால், கெட்டுப்போன ஒவ்வொரு குழம்பிலும் கொஞ்சம் அங்கே இருந்தது. கொட்டியிருந்தால் போயிருக்கும். அவள்தான் கொட்டுகிற ஜாதி இல்லையே. தேதியோடு, வரிசையாக, மூடி இறுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் சின்ன ஜாடியில் ஊற்றி, மீட்டரை உள்ளே தொங்கவிட்டு, எவ்வளவு காய்ந்த காற்றை அது உண்டாக்குகிறது என்று அளக்க ஆரம்பித்தாள். ராகேஷ் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மீட்டர் காட்டியதைப் படித்துச் சொன்னான். கேலி செய்ய அவனுக்கு மறந்துபோயிருந்தது.

வியாழக்கிழமை மதியம் திரையில் சயனைட் மேடு எழுந்தது. பழைய இடத்தில், பழைய உயரத்தில், தட்டை உச்சியோடு. டீனா இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தாள். ராகேஷ் மற்ற புட்டிகளின் கணக்கை, அந்தந்தத் தேதியில் மேடு நின்ற இடத்தோடு சேர்த்து, திரையில் புள்ளிகளாக வைத்தான். ஈரம் இவ்வளவு குறைந்தால் மேடு இவ்வளவு நகர்கிறது என்று ஒவ்வொரு புள்ளியும் வரிசையில் போய் நின்றது. பாழான மூன்று வாரம் ஒரு சீரான கோடாகக் கிடந்தது.

அவளுக்குக் குப்பென்று கண் நிறைந்தது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அல்ல. அவள் தாகத்தில் வாட்டியபோதும் அந்த நூல் பொய் சொல்லவில்லை. எவ்வளவு தண்ணீர் கிடைத்ததோ, அவ்வளவுக்கு ஏற்றாற்போல், ஒரு துளி கூடாமல் குறையாமல் ஆடியிருக்கிறது. ஒரு நாள்கூட அது ஆட மறக்கவில்லை. பார்க்கத் தெரியாதது அவளுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலை, கூட்டத்துக்கு முன்னால், சிவகுமார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மேடு திரும்பிவிட்டதே, அதை மட்டும் காட்டினால் போதாதா, இந்தத் தப்பை எதற்குக் குழுவிடம் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டார். அவளைக் காப்பாற்றத்தான் கேட்டார்.

"அந்தத் தப்புலதான் சார் விஷயமே இருக்கு" என்றாள் டீனா. "மேடு கருவியோட கோளாறா இருந்தா, தண்ணி குறையக் குறைய அது ஏன் சார் கூடவே நகரணும்? அது டி.என்.ஏ.வோட ஆட்டம்தான்னு அந்தப் புட்டிங்கதான் சாட்சி சொல்லுது."

சிவகுமார் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சந்தோஷப்பட்டால் அப்படித்தான் செய்வார் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

குழுவில் வெளியிலிருந்து வந்த ஓர் அம்மையார் கடினமான கேள்விகளாகக் கேட்டார். உப்புக் கலப்பைப் பற்றிக் கேட்டார். டீனா மறைக்காமல் சொன்னாள். ஏன் தண்ணீரைக் கொட்டவில்லை என்று கேட்டார். அதற்கும் சொன்னாள், அறையில் சிரிப்பு எழுந்தது. கடைசியில் அந்த அம்மையார் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, இந்த ஆட்டத்தால் செல்லுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டார்.

டீனா யோசித்துத்தான் பதில் சொன்னாள். ஆட்டம் இருக்கிறது, அது தண்ணீரோடு சேர்ந்து ஆடுகிறது, இது வரைக்கும் தன்னால் உறுதியாகச் சொல்ல முடியும். சந்து திறப்பதற்கும் மருந்து நுழைவதற்கும் இந்த ஆட்டம் எவ்வளவு கை கொடுக்கிறது, டி.என்.ஏ.வைப் படிக்க வரும் புரதங்கள் எங்கே திறக்கலாம் என்று இதை வைத்துக் கண்டுபிடிக்கின்றனவா என்பதெல்லாம் இன்னும் வாதத்தில் இருக்கிற கேள்விகள். தனக்கு ஆசை இருக்கிறது, ஆதாரம் இன்னும் இல்லை. அடுத்த வேலை அதுதான், லேசர் தன்னிடம் இருந்தால்.

அம்மையார் எதையோ எழுதிக்கொண்டார். டீனாவை வெளியே இருக்கச் சொன்னார்கள். கதவு திறந்து சிவகுமார் வந்தார்.

"லேசர் உங்ககிட்டதான் இருக்கும்" என்றார். "புட்டி எதையும் கொட்டிடாதீங்க. இன்னும் நாலு கலவை வெச்சு அளக்கச் சொல்றாங்க."

அன்று மாலை ரயில் பங்காருபேட்டை தாண்டுவதற்குள் பலகை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மருந்து என்கிற முறையில் இதில் தனக்கும் பங்கு உண்டு என்று இந்து முதல் கை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் பியாட்ரிஸ் உலையைப் பார்த்துக்கொண்டே கதையைக் கேட்டாள். ஃப்ரெடி தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். அந்த டிரம் தண்ணீரில்தான் மூன்று நாளாகத் துணி துவைத்துக்கொண்டிருந்த பியாட்ரிஸ் அதைக் காதில் வாங்கவில்லை. மகள் சொல்லி முடித்ததும், அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்போ அந்தத் தண்ணிய இன்னா பண்ண? கீழ ஊத்திட்டியா?"

"இல்ல மம்மி. ஜாடியில பத்திரமா கீது. இனிமேதான் அதுக்கு வேலையே."

பியாட்ரிஸ் முகத்தில் அந்த வாரம் முழுக்க இல்லாத திருப்தி வந்தது. லேசர், மேடு, குழு எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. இது பிடிபட்டது.

"அப்படிச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, மகள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.